பின்கட்டு அறையும் ஒரு தாளும்: தர்பன் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகரின் தமிழ்ச் சங்கத்தாருக்கும், கோயில் நிர்வாகக் குழுவினருக்கும், வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு அறை வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்குத் தமிழ் காதால் கேட்டால் புரியும், எழுத்துக் கூட்டி வாசிக்க வராது என்று அறிவேன். ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். கோயில் மண்டபத்தில் வாரக் கடைசியில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகள் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது. மனசில் உள்ளதை முழுசாகச் சொல்ல எனக்கு இந்த மொழிதான் கைகொடுக்கிறது.

நான் ராணிப்பேட்டைப் பக்கத்துப் பெண். தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த ஊர். அதனால் நீர் சுத்திகரிப்பில் ஆய்வு செய்ய வந்தேன். இந்த ஊருக்கு வந்து மூன்றாம் வருஷம் நடக்கிறது. ஆய்வைப் பற்றிச் சொல்ல வரவில்லை, தங்குவதற்கு இடம் தேடியதைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதல் வருஷம் பிப்ரவரியில் இறங்கினேன். விடுதியில் இடம் இல்லை என்ற மின்னஞ்சல் டிசம்பரிலேயே வந்துவிட்டது. இணையத்தில் அறை தேடினேன். ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிகிற மாதிரி படம், பக்கத்திலேயே பஸ், லைட்டும் தண்ணீரும் வாடகைக்குள் அடக்கம் என்று ஒரு விளம்பரம். ஒரு மாத வாடகையும் ஒரு மாத டெபாசிட்டும் முன்பணமாகக் கேட்டார்கள், மொத்தம் 7,600 ராண்டு. ஒரு ராண்டு ஏறத்தாழ ஐந்து ரூபாய். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து அப்பா பணம் அனுப்பினார். பெயர் போட்டு, கையெழுத்தோடு ரசீதும் வந்தது.

விமான நிலையத்திலிருந்து நேராக அந்த முகவரிக்குப் போனேன். தெரு இருந்தது. வீட்டு எண் இருந்தது. இரும்புக் கேட்டுக்குள் பச்சை நிற வீடும் இருந்தது. மணி அடித்ததும் எண்பதை நெருங்கிய ஒரு பெரியவர் வெளியே வந்தார். இரண்டு பெட்டிகளையும் என்னையும் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே தலையை ஆட்டினார். அந்த வீட்டில் வாடகை அறையே கிடையாது. அவர் வீட்டு முகவரியை எவனோ எடுத்துப் போட்டிருக்கிறான்.

“இந்த மாசம் நீ மூணாவது ஆள்,” என்றார்.

கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அழக்கூடத் தோன்றவில்லை. பிப்ரவரி வெயில் நம் ஊர் மே மாதம் மாதிரி, ஆனால் காற்று முழுக்கக் கடல் ஈரம். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அடுத்து டீ வந்தது. பிறகு இதே ஊரின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார். அன்று மாலை அவர் தங்கையின் பின்கட்டு அறையில் படுத்தேன். அந்தத் தங்கையைத்தான் நான் ஆண்ட்டி என்று கூப்பிடுகிறேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். எனக்கு முன்னால் அதே கேட்டுக்கு வந்து நின்ற இரண்டு பேர் எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்த இரண்டு பேர்தான்.

அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். நீங்கள் அவுட்பில்டிங் என்பீர்கள். பெரிய வீட்டுக்குப் பின்னால், மலைச்சரிவை வெட்டிக் கட்டிய ஒற்றை அறை. ஒரு கட்டில், இரண்டு அடுப்புள்ள ஹாட்பிளேட், கம்பிக் கதவு, தனிக் குளியலறை. ஜன்னலைத் திறந்தால் கறிவேப்பிலை மரம். ஆண்ட்டி ஈஸ்டரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முதல் சொம்பு எனக்கு வரும். சுவரில் ப்ரீபெய்டு மீட்டர் இருக்கிறது. கடையில் காசு கொடுத்தால் துண்டுச் சீட்டில் இருபது இலக்க எண் அடித்துத் தருவார்கள். ஒரு எண் தப்பாக அழுத்தினாலும் இருட்டுத்தான். முதல் வாரம் ஆண்ட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, நான் அழுத்தினேன். வாடகை 3,500 ராண்டு. அந்த அறைக்கு அது நியாயமான தொகை. இதைச் சொல்வதற்குக் காரணம், நாங்கள் யாரும் இலவசமாகக் கேட்கவில்லை.

எனக்குச் சிக்கல் வந்தது தலைக்குமேல் கூரை கிடைத்த பிறகுதான். உதவித்தொகை வரவேண்டுமானால் உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்க முகவரிச் சான்று வேண்டும். 2001-ஆம் ஆண்டின் நிதிப் புலனாய்வு மையச் சட்டம் வந்ததிலிருந்து, வாடிக்கையாளர் யார் என்று உறுதிப்படுத்தாமல் வங்கிகள் கணக்குத் திறப்பதில்லை, என் வங்கி முகவரிக்கும் சான்று கேட்டது. ஃபிக்கா என்று சுருக்கமாகச் சொல்வார்கள், உங்களுக்கும் தெரியும். விடுதியில் இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகமே கடிதம் தந்துவிடும். வெளியே தங்குகிறவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் கணக்கு இல்லை, கணக்கு இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை, உதவித்தொகை இல்லாவிட்டால் வாடகை கொடுக்கப் பணம் இல்லை. இப்படி ஆறு வாரம் போனது. ஊரிலிருந்து கொண்டுவந்த பணம் தீர்ந்தபோது ஆண்ட்டியிடம் போய் நின்றேன்.

ஆண்ட்டி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “பேப்பர் எதுக்கு? நீ என் பொண்ணு மாதிரி. வாடகை அப்புறமா குடு.”

பணத்துக்கு மேலே அவர் நம்பிக்கையே தந்தார். ஆனால் எனக்கு அன்று தேவைப்பட்டது தாள். ஏன் கையெழுத்துக்கு இவ்வளவு தயங்குகிறார் என்று பின்னால்தான் புரிந்தது. அவர் பிறந்த வீடு இதே நகரின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்தது. தகப்பனார் தோட்டம் போட்டு, காய்கறி விற்று, செங்கல் செங்கலாகச் சேர்த்துக் கட்டிய வீடு. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ் அந்த இடம் வெள்ளையருக்கு என்று அறிவிக்கப்பட்டது. ஒரு நாள் ஒரு கடிதம் வந்தது. அத்தோடு வீடு போயிற்று. 1960-களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் போல இவர்களையும் சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை இன்னும் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். அதே டப்பாவில் இன்னொரு தாளும் இருக்கிறது, அவர் பாட்டனார் வந்த கப்பலின் பயணிகள் பட்டியலில் ஒரு வரியின் நகல். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, பிறகு மாவட்டம்: வட ஆற்காடு. அதாவது எங்கள் ஊர்ப் பக்கம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒன்றரை லட்சம் பேருக்கும் இப்படி ஆளுக்கொரு வரி இருக்கிறது. எழுதி வைத்த எதுவும் தன் குடும்பத்துக்கு நல்லதைக் கொண்டுவந்ததாக ஆண்ட்டிக்கு நினைவில்லை. இத்தனையும் தெரிந்தபிறகு அவரிடம் நான் திரும்பக் கேட்கவில்லை.

அவரேதான் இரண்டு நாள் கழித்துக் காலையில் கதவைத் தட்டினார். சேலை கட்டி, கைப்பை மாட்டி, கையில் மாநகராட்சியின் லைட்-தண்ணீர் பில். “வா, போலீஸ் ஸ்டேஷன் போவோம்.” போலீஸ் என்றதும் எனக்குத் திக்கென்றது. இந்நாட்டில் காவல் நிலையத்தில் உறுதிமொழிப் பத்திரத்துக்கு முத்திரை வைத்துத் தருவார்கள், காசு கிடையாது என்று அதுவரை எனக்குத் தெரியாது. வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். இந்தப் பெண் என் வீட்டுப் பின்கட்டில் இத்தனாம் தேதியிலிருந்து குடியிருக்கிறாள், மாத வாடகை இவ்வளவு என்று ஆண்ட்டி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, எழுதியது உண்மைதானே, சத்தியம் செய்கிறீர்களா என்று கேட்டார். ஆண்ட்டி நிமிர்ந்து நின்று ஆமாம் என்றார். டப் டப்பென்று இரண்டு முத்திரை. அந்தத் தாளையும் மாநகராட்சி பில்லின் நகலையும் கொண்டுபோனேன். அன்றே கணக்குத் திறந்துவிட்டது. ஆறு வார அலைச்சல் ஒரு காலையில் முடிந்தது.

ஆகவே உங்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான். அறை கொடுக்கும்போது தாளும் சேர்த்துக் கொடுங்கள்.

சட்டமும் அதையேதான் சொல்கிறது. 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுவசதிச் சட்டப்படி, குடியிருப்பவர் கேட்டால் ஒப்பந்தத்தை எழுத்தில் தரவேண்டும். வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தரவேண்டும். டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் போடவேண்டும், காலி செய்யும்போது அந்த வட்டியும் குடியிருந்தவருக்குத்தான் சேரும். குடி வரும்போதும் போகும்போதும் இருவரும் சேர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்து, என்ன உடைந்திருக்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். சேதம் எதுவும் இல்லை, பாக்கியும் இல்லை என்றால் 7 நாளுக்குள் டெபாசிட் திரும்பிவிட வேண்டும். தகராறு வந்தால் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வீட்டுக்காரரும் போகலாம். இதையெல்லாம் எனக்குத் தெரிந்த மாணவர்களில் பத்துக்கு ஒருவர்கூட அறியவில்லை. உண்மையைச் சொன்னால், அறை வாடகைக்கு விடும் பெரியவர்களில் பலரும் அறியவில்லை. டெபாசிட் திரும்பி வராமல் ஊர் போய்ச் சேர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஏமாற்றவேண்டும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். வந்த டெபாசிட் அந்த மாதமே வீட்டுச் செலவில் கரைந்துவிடுகிறது, போகும்போது எடுத்துக்கொடுக்கக் கையில் இருப்பதில்லை.

உங்கள் பக்கத்துப் பயங்களையும் ஆண்ட்டியின் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வாடகை கொடுக்காமல் உட்கார்ந்துவிட்டால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கிளப்ப முடியாது, அதற்குள் மாதங்கள் ஓடிவிடும் என்பது ஒன்று. அது நியாயமான கவலை. ஆனால் படிக்க வந்தவர் விசாவையும் படிப்பையும் பணயம் வைத்து உங்கள் அறையில் சட்டம் பேசிக்கொண்டு உட்காரமாட்டார். இன்னொரு பயம் குடிவரவுச் சட்டம். முறையான அனுமதி இல்லாத வெளிநாட்டவருக்கு வீடு கொடுப்பது 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றாலே வேண்டாம் என்று விடுகிறீர்கள். அதற்கு வழி சுலபம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் படிப்பு விசாவைப் பாருங்கள், முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், நகல் எடுத்து ஒப்பந்தத்தோடு வையுங்கள். புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மாணவரிடம் விண்ணப்ப ரசீது இருக்கும், அதையும் கேளுங்கள். நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். எங்களைப் பெயரோடும் தேதியோடும் தெரிந்துவைத்திருக்கும் வீட்டில் இருப்பது எங்களுக்கும் பத்திரம்.

வளாகத்தை ஒட்டிய கட்டடங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அங்கே கட்டில்களை அரசின் மாணவர் நிதியுதவி பெறும் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவைக்கிறார்கள். அவர்கள் நாட்டில் அவர்களுக்கு முதலிடம் என்பதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. அந்த நிதி தாமதமானால் அவர்களும் எங்களோடு சேர்ந்துதான் தெருவில் அலைகிறார்கள். மிச்சம் கிடைப்பது தூரத்து இடங்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து நான் தினம் இரண்டு மினிபஸ் டாக்சி மாறிப் போகிறேன். ஆய்வகத்தில் ஆறு மணி தாண்டினால் வயிற்றில் புளி கரைக்கிறது. பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தை ஒட்டியே ரிசர்வாயர் ஹில்ஸ் குடியிருப்பு இருக்கிறது, அங்கே எத்தனை பின்கட்டு அறைகள் சும்மா பூட்டிக் கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க், லண்டன், பெர்த் என்று போய்விட்டார்கள், அறையில் பழைய மெத்தையும் காவடிச் சாமானும் இருக்கிறது என்று எத்தனை ஆண்ட்டிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இப்போது சொல்லப்போவது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதவேண்டும்.

என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்பவர் ஜிம்பாப்வேயின் புலவாயோவிலிருந்து வந்தவர். என்னைவிட அமைதியானவர், என்னைவிடக் கணக்காகச் செலவு செய்பவர். போன வருஷம் அவருக்கு அறை தேவைப்பட்டது. கோயில் அறிவிப்புப் பலகையில் நான் பார்த்த எண் ஒன்றைக் கொடுத்தேன். அவர் என் எதிரில் நின்றே கூப்பிட்டார். அறை போய்விட்டது என்றார்கள். பத்து நிமிஷம் கழித்து எனக்குள் ஏதோ உறுத்த, நான் அதே எண்ணுக்குப் போன் செய்தேன். அறை இருக்கிறது, எந்த ஊர், தமிழா, எப்போது வந்து பார்க்கிறாய் என்று அன்பாகக் கேட்டார்கள். நான் எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “பரவாயில்லை, இது எனக்குப் பழக்கம்,” என்றார். அந்த வீட்டுக்காரரிடம் அப்போதே ஏன் கேட்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

தமிழ்ப் பெண் என்பதற்காக எனக்குத் திறந்த கதவு, தமிழ் இல்லை என்பதற்காக அவருக்கு மூடக்கூடாது. இந்த இந்த இடத்தில் இன்ன இன்ன ஆட்கள்தான் இருக்கலாம் என்று சட்டம் போட்டு உங்கள் வீடுகளைப் பிடுங்கிய காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் உங்கள் வீடுகளில் உயிரோடு இருக்கிறார்கள். பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், இந்த ஊரில் திருட்டும் துப்பாக்கியும் இல்லாத தெரு இல்லை. ஆனால் மாணவர் அட்டையும் விசாவும் துறையின் கடிதமும் கையில் வைத்திருக்கும் ஒருவரின் குரலை மட்டும் கேட்டு அறை இல்லை என்பது வேறு.

என்னைக் காப்பாற்றிய பெரியவரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் 1961-இல் இந்தியர்களுக்கென்று கல்லூரி தொடங்கினார்களே, அதில் படித்தவர் அவர். குடும்பத்தைச் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றியபின் தினமும் படகுத்துறைக்கு வந்துபோகக் கட்டுப்படியாகவில்லை. ஊருக்குள் ஒரு குஜராத்தி முஸ்லிம் வீட்டு வராந்தாவில் இரண்டு வருஷம் படுத்துப் படித்தாராம். “எங்கிட்ட ஒரு சல்லி வாங்கல, என் ஜாதி மதம் கேக்கல,” என்றார். அன்று எனக்குக் கொடுத்த டீ அந்த வராந்தாவின் கடன் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

படிப்புக்கு என்று கைகோத்தால் உங்களால் என்ன முடியும் என்று இந்த ஊரே சாட்சி. அரசு பாதி கொடுத்தால் மீதியை நாங்கள் போடுகிறோம் என்று கரும்புத் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்துப் பள்ளிக்கூடங்கள் எழுப்பினீர்கள். 1890-இல் ஒப்பந்தக் கூலியாக வந்த எம். எல். சுல்தான் கொடுத்த பணத்தில் வளர்ந்த கல்லூரிதான் 2002-இல் இன்னொன்றோடு இணைந்து இன்றைய தர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. அவ்வளவு பெரிதாக எதையும் நான் கேட்கவில்லை.

பிப்ரவரியில் இரண்டு வாரம் மண்டபத்தைத் திறந்து வையுங்கள். தைப்பூசக் காவடிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுப்படி இருக்கிறது, குளியலறை இருக்கிறது. காவடி முடிந்து மண்டபம் காலியாகும் நாட்களில்தான் நாங்கள் பெட்டியோடு வந்து இறங்குகிறோம். அந்த இரண்டு வாரம் படுக்க இடம் இருந்தால், பார்க்காத அறைக்கு ஊரிலிருந்து யாரும் பணம் அனுப்பமாட்டார்கள். வந்து, கண்ணால் பார்த்து, வீட்டுக்காரரோடு பேசி, பிறகு பணம் கொடுப்பார்கள். படம் போட்டுப் பணம் பறிப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. மண்டபச் செலவுக்குக் கட்டணம் வைத்தால் கொடுக்கிறோம்.

சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். யார் வீட்டில் அறை, என்ன வாடகை, யார் போய்ப் பார்த்தார்கள் என்று அதில் இருக்கட்டும். போய்ப் பார்க்கும் ஆள் ஒன்றை மறக்காமல் பார்க்கவேண்டும், அறைக்குப் பின்னால் இருக்கும் மண்சுவர். 2022 ஏப்ரல் மழையில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சரிவில் இருந்த வீடுகள் மண்ணோடு போயின. மலிவான அறைகள் பெரும்பாலும் சரிவில்தான் இருக்கின்றன. மழை கொட்டும் ராத்திரிகளில் ஆண்ட்டி குடை பிடித்துக்கொண்டு வந்து என்னைப் பெரிய வீட்டுக்குள் கூட்டிப் போய்விடுவார். எல்லாருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை.

ஒப்பந்தத் தாளுக்கு ஒரு மாதிரி தயாரித்து வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். வாடகை, டெபாசிட், லைட் யார் கணக்கு, குடிவந்த நாள், இரண்டு கையெழுத்து, அவ்வளவுதான். ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கிறது. ஜூலுவில் மாற்றித் தருவதாகப் புலவாயோ நண்பர் சொல்லியிருக்கிறார், அவர் பேசும் இந்தபெலே அதற்கு நெருங்கிய மொழி. சங்கம் கேட்டால் நகல் எடுத்துக் கொண்டுவந்து தருகிறேன். முத்திரை போடக் காவல் நிலையத்துக்குக் கூட வரவேண்டுமானாலும் வருகிறேன், சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை.

வரும் பிப்ரவரியில் எங்கள் துறைக்கு இரண்டு பேர் புதிதாக வருகிறார்கள். ஒருத்தி திருநெல்வேலிக்காரி, இன்னொருத்தி லெசோத்தோவிலிருந்து. கடல் தெரியும் ஜன்னலோடு ஒரு அறை கிடைத்துவிட்டது, டெபாசிட் அனுப்பலாமா அக்கா என்று திருநெல்வேலிப் பெண் நேற்று ராத்திரி படம் அனுப்பிக் கேட்டிருக்கிறாள். அனுப்பாதே, நான் இங்கே கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.

பணிவுடன்,
சாட்ஸ்வொர்த்தில் ஒரு பின்கட்டு அறையில் குடியிருக்கும் ஆய்வு மாணவி